பத்து மணிப் பால்

விடியற்காலை ஐந்தரைக்கே பெல்ட் ஓட ஆரம்பித்துவிடும். குழந்தைகளுக்கான பால்மாவு ஆலை அது. மேலே தொட்டியிலிருந்து மாவு டப்பாக்களில் கொட்டும். டப்பா வாயில் சீல் தகட்டை ஒட்டித் தள்ளுபவள் சீல்காரி. கடைசியில் நிற்பவள் மூடியை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அறைய வேண்டும். நிமிடத்துக்கு இருபது அறை. அறைந்து அறைந்தே அவளுக்கு மூடிக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது.

பிள்ளை பெற்ற மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பியிருந்தாள். எட்டு மணிக்கெல்லாம் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அறைக்கும் வலி தோள்வரை ஏறும். கசிந்து நனைந்த சட்டையில் பறக்கிற மாவு ஒட்டிப் பசையாகும். கழிவறைக்கு ஓடிப் பாலைப் பீச்சிச் சாக்கடையில் விட்டுவிட்டு வந்து நிற்பாள்.

"பத்து மணிக்கு அரை மணி நேரம் விட்டாப் போதுங்கய்யா. வீடு பின் தெருதான். நாத்தனார் புள்ளைய கேட் வரைக்கும் தூக்கிட்டு வந்துரும்," என்று முதலாளியிடம் கேட்டாள்.

"உனக்கு விட்டா இன்னும் எட்டுப் பேரு வந்து நிப்பாங்க. ஊருக்கே பால் குடுக்கிற எடத்துல நின்னுக்கிட்டுப் புள்ளைக்குப் பால் இல்லங்கிறியே!" என்று சிரித்தார் அவர். ஒரு பெட்டி டப்பா இலவசமாகக் கொடுத்தார். கொடுக்கும்போது போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

பெட்டி தீர்வதற்குள் அவள் பாலும் வற்றிப்போனது. அந்த மாவை விலைக்கு வாங்க அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. நாலு கரண்டி போடுகிற இடத்தில் இரண்டு போட்டுத் தண்ணீரை ஏற்றினாள். பிள்ளையின் கன்னம் ஒட்டியது. பிறகு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. அழக்கூடத் தெம்பில்லாமல் கண் செருகிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

பிள்ளை பிழைத்தது. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் வாயை மார்பில் பொருத்திக் காட்டினாள். "ஊத்து இன்னும் செத்துப் போகலம்மா. வாய வெக்க வெக்கத்தான் சுரக்கும். ரெண்டு மணிக்கொரு தடவ போடு. அதுவரைக்கும் மாவையும் அளவாக் கலந்து குடு."

ரெண்டு மணிக்கொரு தடவை! பெல்ட் முன்னால் நிற்கிறவள் எங்கே போவாள்?

நாலு நாள் கழித்து வந்தவளை, ஆஸ்பத்திரி சேதி காதுக்கு எட்டியிருந்த முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். "மாவுல கொறையில்ல. கலக்கத் தெரியாத கைதான் கொறை. வெளிய போயி வாயத் திறந்த, வேலை போயிரும்."

அவள் பெல்ட்டுக்குத் திரும்பினாள். அன்று மதியம் பெல்ட் நின்றிருந்த நேரம், மெஷின் கழுவுகிற காரச்சோடா வாளியோடு தொட்டி ஏணியில் ஏறினாள். ஒரு குவளை அள்ளிப் போட்டால் போதும். அவர் பேர் நாறிப்போகும், ஆலைக்குப் பூட்டு விழும். கை நீண்டது. கீழே வெள்ளை வெளேரென்று மாவு. அதைக் குடிக்கப் போகிற வாய்கள் கண்முன் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் பிள்ளையின் ஒட்டிய கன்னம். வாளியோடு இறங்கினாள்.

ஏணியடியில் சீல்காரி நின்றிருந்தாள். அவளுக்கும் கைக்குழந்தை உண்டு. என்ன செய்தும் அவளுக்குப் பால் சுரக்கவேயில்லை. மகள் இந்த மாவில்தான் வளர்கிறாள்.

"என்னடி பண்ணப் பாத்த?"

"அந்தாள அழிக்கணும்க்கா."

"என் மவளையும் சேத்தா?" சீல்காரி வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "மாவு நமக்கு எதிரி இல்லடி. உன் பால் உனக்கு, என் புட்டி எனக்குன்னு நிம்மதியாக் குடுக்க விடாதவன்தான் எதிரி. அந்தாளுக்கு வலிக்கிற எடத்துல அடி."

"எங்க வலிக்கும்?"

"வியாழக்கிழமை வெளியூர்லேருந்து மாவு வாங்குறவங்க பாக்க வர்றாங்க."

கழிவறை வாசலில், சாப்பாட்டு வரிசையில், காதோடு காதாகப் பேச்சு பரவியது. கைக்குழந்தைக்காரிகள் ஒன்பது பேரும் சரி என்றார்கள். பிள்ளை இல்லாதவர்களும் சரி என்றார்கள்.

வியாழன் பத்து மணி. பிள்ளைகளோடு வந்த நாத்தனார்களையும் அம்மாக்களையும் பார்த்த காவலாளி, "நான் டீ குடிக்கப் போறேன். கேட்டப் பூட்ட மறந்துட்டேன்னு வெச்சுக்குங்க," என்று நடையைக் கட்டினார். சீல்காரி சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பெல்ட் நின்றது. ஒன்பது பேரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். எட்டுப் பேர் மார்பில், சீல்காரி புட்டியில். மற்றவர்கள் அவர்களைச் சுற்றிக் கைகட்டி நின்றார்கள்.

விருந்தாளிகளோடு சிரித்துக்கொண்டே நுழைந்த முதலாளியின் முகம் செத்துப்போனது.

"என்ன கூத்து இது? எந்திரிங்க! போலீசக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. போட்டோவும் எடுங்க, அன்னைக்கு மாதிரி," என்றாள் மூடிக்காரி. அவர் மேலுதட்டில் வியர்வை முளைத்தது. அவள் அதை ஆற அமரப் பார்த்தாள். பிள்ளை கண் செருகிக் கிடந்த நாளிலிருந்து அவளுக்குள் பசித்துக் கிடந்த ஒன்றுக்கு அது நல்ல தீனி. இன்னும் வேண்டியிருந்தது.

மாவு வாங்க வந்தவர்களில் ஓர் அம்மாள் குனிந்து, "எதுக்காக உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாள். அரை மணி நேரம் கேட்டதிலிருந்து மூடிக்காரி எல்லாவற்றையும் சொன்னாள், இரண்டு கரண்டியை மறைக்காமல். முதலாளி இடையில் புகுந்தார்.

"ஒம்பது பேருக்கும் நாளைலேருந்து வேலை இல்ல!"

"அப்ப எங்களுக்கும் இல்ல," என்றது நின்றிருந்த கூட்டம். மூட்டை ஏற்றுகிற ஆண்கள் மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள்.

முதலாளியின் குரல் இறங்கியது. "எவ்வளவு நேரம்தான் உக்காந்திருப்பீங்க?"

"புள்ளைங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும்."

"அது எப்ப முடியும்?"

"அதுங்களுக்குத்தான் தெரியும்," என்ற மூடிக்காரி, பிள்ளையை மெதுவாக மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.