முன்கை தேய்த்த இடம்

வாசிக்கத் தெரியாத மனிதரின் வீட்டில் ஒரு சுவர் முழுக்க எலெக்ட்ரிக் கிட்டார்கள். அவர் மனைவியின் தம்பி தன் அக்கா புருஷனுக்கு ‘மியூசியம்’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. போன் செய்தால் நலம் விசாரிக்க மாட்டான். “மியூசியம் இன்னைக்குத் திறந்திருக்கா அக்கா?” என்றுதான் ஆரம்பிப்பான். கண்ணாடி அலமாரி, உள்ளே ஈரப்பதம் காட்டும் கருவி, தொட்டுப் பார்க்க வெள்ளைக் கையுறை. வைக்கோற்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். அந்த நாயாவது கையுறை போட்டுக்கொண்டதில்லை.

நடு அலமாரியில் தனி விளக்கின் கீழ் நின்ற வெண்ணெய் நிறக் கிட்டார் மட்டும் அவர் வாங்கியது அல்ல. அது அவளுடையது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் ஓர் இசைக்குழுவில் அதை வாசித்தாள். அவள் இடது கைக்காரி. வலது கைக்காரர்களுக்காகச் செய்த கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டி, அவை உட்காருகிற ‘நட்’ என்ற சின்ன எலும்புப் பட்டையையும் தனக்கேற்றபடி வேறு செய்து போட்டிருந்தாள். மற்றவர்களுக்கு மடியில் உட்காரும் பக்கம் அவளுக்கு மேலே வந்தது. அவளுடைய இடது முன்கை அங்கேதான் உரசியது. உரசி உரசி லாக்கர் பூச்சு போய், உள்ளங்கை அகலத்துக்கு வெறும் மரம் தெரிந்தது.

மகள் பிறந்தாள், இவள் வேலைக்குப் போனாள், வாசிப்பு நின்றது. அந்த இடைவெளியில் கிட்டாருக்கு வயதாகி மவுசு வந்துவிட்டது. மியூசியம் கிட்டாரோடு வந்த பழைய நட்டைத் தேடிப் பிடித்து மாட்டி, கம்பிகளை ‘ஒழுங்கான’ வரிசைக்குக் கொண்டுவந்து, கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினார். அவர் தூக்கிப் போட்ட தன் நட்டை அவள் எடுத்து, கிட்டார் பெட்டியின் உள்பையில் ஒரு துணியில் சுற்றி வைத்தாள்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்லும் கதை வேறு. அது ஒரு மேடை மேதை வாசித்த கிட்டாராம். மேதையின் பெயரைச் சொல்ல மாட்டாராம், சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாராம். முதல் தடவை கேட்டபோது அவள் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். விருந்தாளி போனபின் அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“பொண்டாட்டி வாசிச்ச கிட்டார்னு சொன்னா எவன் மதிப்பான்?”

அதற்கப்புறம் எத்தனையோ தடவை அவள் காபித் தட்டோடு நின்று அந்தக் கதையைக் கேட்டிருக்கிறாள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருவர் சொன்னால் கேட்கிறவர்களுக்கு மதி எங்கே போயிற்று? வந்தவர்களுக்கு மதி இல்லை, அவளுக்கு வாய் இல்லை. இதை நினைத்தால் அவர்மேல் வருவதைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிக ஆத்திரம் வரும்.

இப்போது பழைய கிட்டார்களைப் பற்றிப் படப் புத்தகம் போடும் ஒரு நிபுணர் வருவதாக இருந்தது. அவர் படமெடுக்க வசதியாக மியூசியம் இருப்பதிலேயே உசத்தியான ஸ்டாண்டு ஒன்றை வாங்கி, அதில் கிட்டாரை நிறுத்தினார். சில வாரம் கழித்துத் தூக்கினால், ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இரண்டு இடத்திலும் லாக்கர் இளகி, பழுப்பாகப் பிசுபிசுத்தது. தொடாதே தொடாதே என்று ஊரையே விரட்டிய மனிதரின் கிட்டாரை அவர் வாங்கிய ஸ்டாண்டே தொட்டுவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை. அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மெருகு வேலை செய்யும் மாஸ்டர் கடைக்கு அவள்தான் காரை ஓட்டினாள். மியூசியம் கிட்டார் பெட்டியை மடியில் வைத்து, சீட் பெல்ட்டை அதற்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். கடைக்குள் லாக்கர் நெடி கண்ணைக் கரித்தது. துணி காயப்போட்டதுபோல் ஒரு கம்பியில் வரிசையாகக் கிட்டார் உடல்கள் தொங்கின. மாஸ்டருக்கு விரலுக்கு ஒரு மோதிரம், மூச்சுக்கு ஒரு பெருமை.

“ரப்பரும் பழைய லாக்கரும் சேரவே கூடாது சார். இளகினதைச் சுரண்டி எடுத்துட்டு, புது லாக்கரைச் சொட்டுச் சொட்டா வச்சு நிரப்பணும். நல்லாக் காய்ஞ்சதும் தண்ணி போட்டுத் தேய்ச்சு பாலிஷ். நானே வந்து தேடினாலும் எங்கன்னு தெரியாது.”

மியூசியம் குரலைத் தாழ்த்தினார். “இன்னொரு வேலையும் இருக்கு மாஸ்டர். இந்த வெறும் மரம் தப்பான பக்கத்துல இருக்கு. வர்றவர் பெரிய ஆளு, பார்த்ததும் கேப்பாரு. இதை மூடிடுங்க. எதிர்ப்பக்கம், மேல்விளிம்புல, கை பட்டுத் தேய்ஞ்ச மாதிரி ஒண்ணு வேணும்.”

“மேடைத் தேய்மானமா?” மாஸ்டரின் முகம் மலர்ந்தது. “அது நமக்குக் கைவந்த கலை சார். ஒரு ஆயுசு வாசிச்ச வியர்வையை ஒரே வாரத்துல வரவழைச்சிடுவேன்.”

பூச்சு கெட்டால் சரிசெய்வார்கள் என்றுதான் அவளுக்குத் தெரியும். நன்றாக இருக்கும் பூச்சைக் காசு கொடுத்துக் கெடுக்கவும், உண்மையாகத் தேய்ந்ததைக் காசு கொடுத்து மறைக்கவும் ஒரு தொழில் இருக்கும் என்று தெரியாது. அவள் வாசித்ததற்கு ஒரு ஒலிப்பதிவு இல்லை, உருப்படியான ஒரு புகைப்படம் இல்லை. மிச்சம் இருந்தது அந்த உள்ளங்கை அகல மரம்தான்.

“அது தப்பான பக்கம் இல்லைங்க” என்றாள்.

“நீ சும்மா இரு. வேலை விஷயம் பேசிட்டிருக்கோம்ல?”

மாஸ்டர் ஒரு டப்பா சாக்பீஸ் பொடியை எடுத்து வந்தார். பொய்த் தேய்மானமும் கை படுகிற இடத்தில்தான் விழ வேண்டுமாம், இல்லாவிட்டால் விஷயம் தெரிந்தவன் சிரிப்பானாம். முன்கையில் பொடியைப் பூசிக்கொண்டு கிட்டாரைப் பிடித்தால், பொடி ஒட்டிய இடம் எதுவோ அதைத் தேய்ப்பாராம்.

“நீங்களே உட்காருங்க சார். இவ்வளவு கிட்டார் வச்சிருக்கீங்க, உங்களை விட்டா யாரு?”

மியூசியத்தால் மறுக்க முடியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, பொடி பூசிய கையோடு கிட்டாரை வாங்கினார். தொப்பை அதை முன்னால் தள்ளியது, கழுத்துப் பகுதி தரையைப் பார்த்துச் சரிந்தது. குழந்தையை முதல்முதலாகக் கையில் வாங்கியபோதும் அவர் இப்படித்தான் விழித்தார் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. பொடி விளிம்பில் ஒட்டவில்லை, ஒலி கூட்டும் திருகுகள்மேல் ஒட்டியது.

“மேதை திருகுலயா கையை வச்சு வாசிச்சாரு?” என்று கேட்டாள்.

மாஸ்டர் இருமிச் சமாளித்தார். “பரவாயில்ல சார், மேல நான் ஒரு குத்துமதிப்பாப் போட்டுக்கறேன். முதல்ல இதை மூடிருவோம்.” கிட்டாரை மேசையில் படுக்க வைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் முக்கி, வெறும் மரத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

அவள் அந்தத் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். இரண்டு ஆண்களும் வாயைத் திறப்பதற்குள் டப்பாவில் கையை விட்டு, இடது முன்கை நெடுக வெள்ளையாகப் பூசிக்கொண்டாள். கிட்டாரை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்தாள். கம்பி வரிசை மாறியிருந்ததால் வாசிக்க முடியாது. வாசிக்கவும் இல்லை. தாளம் போடுகிற மாதிரி கையை மட்டும் மேலும் கீழும் நாலு தடவை ஓட்டிவிட்டு, கிட்டாரை மாஸ்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பொடி முழுக்க அந்த மரத்தில் இருந்தது. சுற்றியிருந்த லாக்கரில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

மாஸ்டர் மரத்தைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். “அப்போ அந்த மேதை...”

“நான்தான். மேதையெல்லாம் இல்ல. குழுவுல பின்னாடி நின்னு ரிதம் வாசிச்சேன்.”

மியூசியம் பதறிப்போய் எழுந்தார். வெட்கப்பட்டார் என்று நினைத்தால் அது அவரைத் தெரியாதவர்கள் நினைப்பது. “மாஸ்டர், இது இந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது!”

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியின் உள்பையில் கையை விட்டு, துணியில் சுற்றியிருந்த நட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

“ரப்பர் பட்ட ரெண்டு இடத்தை மட்டும் சரி பண்ணுங்க மாஸ்டர். இந்த மரத்துல ஒரு சொட்டு லாக்கர் விழக் கூடாது. அப்புறம் இந்த நட்டைப் போட்டு, கம்பியை எனக்குத் தோதா மாத்திக் கட்டிடுங்க.”

“ஐயையோ! அதுல இருக்கிறது ஒரிஜினல் நட்டுடி!”

“வாசிச்சவளும் ஒரிஜினல்தான்.”

மாஸ்டர் யார் பேச்சைக் கேட்பது என்று யோசித்தது கொஞ்ச நேரம்தான். டப்பாவை மூடி வைத்துவிட்டு, துணியைப் பிரித்து நட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மியூசியம் வெள்ளை படிந்த கையைச் சட்டையில் துடைக்கவும் மனமில்லாமல், உதறவும் தெரியாமல் நின்றார்.

“புத்தகக்காரர் வந்து நிப்பாரே. அவர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்றாள் அவள், கார்ச் சாவியைத் தேடிக்கொண்டே. “காபித் தட்டைக் கொண்டுவந்து வச்சிட்டு ஓரமா நில்லுங்க. கதையை நான் சொல்லிக்கறேன்.”