ஒற்றுமைப் பெருவிழா நாளில் ஓர் அடக்கம்

கோத்த கைகளைத் தலைக்குமேல் தூக்கியபடி மேடையில் நிற்கிறார்கள், நடுவில் மாதா கோயில் பங்குச்சாமியார், வலப்பக்கம் சீர்திருத்த சபைக் குருவானவர், இடப்பக்கம் பெந்தெகொஸ்தே பாஸ்டர், பின்னால் பேருந்து நிலையச் சுவரையே மறைத்துக் கிறிஸ்தவ ஒற்றுமைப் பெருவிழா என்று இருபதடிப் பதாகை, கூட்டம் கைதட்டுகிறது, கீழே நிற்கிறாள் ஞானரூபி, அம்மா வீட்டில் ஐஸ்பெட்டிக்குள் கிடக்கிறாள், நான்கு மணிக்கு அடக்கம், ஜெபம் பண்ண ஒரு ஆள் இல்லை.

இதே பேருந்து நிலையத்தில்தான், பதாகை கட்டியிருக்கும் இதே தூணடியில்தான், அம்மா சூசைமரி முப்பது வருஷம் அவித்த கடலை விற்றாள், விற்கிறாள், இதோ கூடையை இறக்கி வைக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள், ஒம் பேரென்ன தாயி, பேச்சியம்மா, பயப்படாத பேச்சி, நான் இயேசப்பாகிட்ட சொல்லுதேன், அவரு பாத்துக்கிடுவாரு, அத்தனை பேர் பார்க்கக் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபம், டிரைவர் ஹாரனை அலறவிட்டாலும் ஆமென் சொல்லாமல் விடமாட்டாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் ஞானரூபிக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும், யம்மா மெதுவாச் சொல்லேன், எதுக்குட்டி மெதுவா, திருடியா கொண்டாந்தேன்?

பிறந்தது மாதா கோயிலில், வாக்கப்பட்டது சீர்திருத்த சபையில், அப்பா போனபிறகு ஐம்பது வயதில் ஆற்றில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தது பெந்தெகொஸ்தேயில், எங்க போனாலும் அதே ஆண்டவர்தானட்டி என்பாள், பைத்தியக்காரி, அதை நம்பியே செத்தாள், நேற்று விடியற்காலை, கையில் செபமாலையோடு. ஞானரூபி மூன்று வாசலும் ஏறி இறங்கினாள், பங்குக் கோயிலை விட்டுப் போனவங்களுக்கு நாங்க எப்படிம்மா, என்றார் சாமியார், ரெண்டாந்தரம் ஞானஸ்நானம் வாங்கினதுல சபை ஏட்டுலருந்து பேரை எடுத்தாச்சே, என்றார் குருவானவர், அந்த மாலையைக் கழத்திருங்க சிஸ்டர், அதெல்லாம் விக்கிரகம், குழியில சிலுவை நடமாட்டோம்னும் சொல்லுங்க, உடனே வாறேன், என்றார் பாஸ்டர், கழற்றத்தான் பார்த்தாள், விறைத்த விரல்கள் விடவில்லை, ஒடித்து எடுக்க மனசு வரவில்லை. மூவருமே சொல்லிவைத்தாற்போல், நாளைக்குப் பெருவிழாவுக்கு வந்துருங்க என்றார்கள். தூ, இதுவும் ஒரு பிழைப்பா.

எப்படி மேடை ஏறினாள் என்று தெரியவில்லை, மைக் கையில் இருக்கிறது, எங்கம்மாவ உங்க எல்லாருக்கும் தெரியும், கடலக்காரம்மா, நாலு மணிக்கு எடுக்கோம், உங்க மூணு பேர்ல யாராச்சும் ஒருத்தர் வாங்க சாமி. கோத்த கைகள் இறங்கின. ஃபாதர், நீங்க, அய்யோ ஐயா, நீங்கதான் மூத்தவங்க, கடைசியாப் போனது பாஸ்டர் சபைக்குத்தானே, அடேயப்பா என்ன மரியாதை, பந்தியில் முதல் இலைக்கு உபசாரம் பண்ணுகிற மாதிரி ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள், கடைசியில் குருவானவர் மைக்கை வாங்கி, நம் சகோதரியின் தாயாருக்காக ஒரு நிமிடம் மௌனமாக ஜெபிப்போம் என்றார், கூட்டம் மொத்தமும் கண்ணை மூடியது, அவள் மட்டும் திறந்த கண்ணோடு நின்றாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், அருவருப்பாக இருந்தது.

எந்தச் சபையின் கல்லறைத் தோட்டமும் இல்லை, நகராட்சி இடுகாட்டில், பேருந்து நிலையத்துப் பூக்காரிகளும் இரண்டு கண்டக்டர்களும் சுற்றி நிற்க, அவளே ஜெபம் பண்ணினாள், வாய்க்கு வந்ததை, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக, செபமாலை சுற்றிய கையின்மேல் அவளே முதல் பிடி மண்ணைப் போட்டாள்.

மறுநாள் காலை வாசலில் ஒரு கார் நிற்கிறது, மூவரும் இறங்குகிறார்கள், பழக்கூடை, பின்னாலேயே போட்டோ எடுக்க ஒரு ஆள், சாமியார் தொண்டையைச் செருமிக்கொள்கிறார், துக்கம் விசாரிக்க மூணு பேரும் ஒண்ணா வந்திருக்கோம்மா.

நேத்து ஒத்த ஆளு வந்திருந்தாப் போதும் சாமி, என்று சொல்லிவிட்டு ஞானரூபி கதவைச் சாத்தினாள்.