அந்த 'ம்' என்னுடையது

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வம்பு வேண்டாம். ஒரு மனிதர் என்னிடம் ஒரு வரியைப் பேசிக் காட்டச் சொன்னார். நான் "சாப்பிட்டுட்டு வந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். சாப்பிடவில்லை. டப்பிங் ஸ்டூடியோவின் வரவேற்பறையில் உட்கார்ந்து, காலையில் பேசி முடித்த வசனத்தாள்களின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இடைவேளை நாற்பத்தைந்து நிமிடம். பேனா தேடியதிலேயே ஏழு நிமிடம் போய்விட்டது.

அவ்வப்போது கதை எழுதுவேன், நான்கைந்து அச்சில் வந்திருக்கின்றன. பிழைப்பு டப்பிங். இரண்டிலும் வேலை ஒன்றுதான், அடுத்தவர் வாயில் வார்த்தையை வைப்பது. இருபத்தாறு வருடமாக இதைச் செய்து களைத்துப்போய்விட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், புகழின் உச்சியிலிருந்து சரிந்து விழுந்த அந்த மாபெரும் நடிகர், தன் வாழ்க்கையின்

(நிறுத்திவிட்டேன். மழை இல்லை. மாபெரும் நடிகரும் இல்லை, நல்ல நடிகர், அவ்வளவுதான். 'வாழ்க்கையின்' என்று எழுதியதுமே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.)

இரண்டாவது தொடக்கம்: "குடியை விட்டுப் பதினோரு மாதமான ஒரு நடிகர், மூன்று வாரத்துக்கு முன்னால், காலை எட்டு மணிக்கு என் வீட்டு அழைப்புமணியை அழுத்தினார்."

இது பரவாயில்லை. உண்மையும் இதுதான். இதையே வைத்துக்கொள்வோம்.

அவரோடு அவருடைய அக்காவும் வந்திருந்தார். சிகிச்சை முடிந்து தம்பி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, எங்கே போனாலும் வெந்நீர் பிளாஸ்க்கோடு கூடவே வருகிறவர். நடிகர் செருப்பை ஒழுங்காக ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தார். பழைய நாட்களில் செருப்பு ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகக் கிடப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ம்… மாஸ்டர், ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு படம் முடிச்சிருக்கேன். நடிச்சதெல்லாம் சரியா வந்துடுச்சு. டப்பிங்லதான் மாட்டிக்கிட்டேன்."

"என்னாச்சு சார்?"

"ம்… குரல் போயிடுச்சு. கடைசியா ஒரு படம் பண்ணேனே, விருதெல்லாம் வாங்கிச்சே, அதுல இருந்த குரல். குடிச்சுக் குடிச்சுத் தொலைச்சுட்டேன். உடம்பு திரும்பிடுச்சு, தூக்கம் திரும்பிடுச்சு. அது மட்டும் வர மாட்டேங்குது. நீங்க குரலுக்குப் பயிற்சி குடுக்குறவர்னு டைரக்டரம்மா சொன்னாங்க. எனக்கு அத மீட்டுக் குடுங்க."

என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும்.

3

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். விருது வாங்கிய அந்தப் படத்தில் பேசியது அவர் இல்லை. நான்.

(அடிக்குறிப்பு. தாளின் அடியில் இடமில்லாததால் இங்கேயே: எங்கள் தொழிலில் படப்பிடிப்பு முடிந்த பிறகு, நடித்தவர் ஸ்டூடியோவுக்கு வந்து, திரையில் தன் உதடு அசைவதைப் பார்த்துப் பார்த்து வசனத்தை மறுபடியும் பேச வேண்டும். ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், அதற்கு லூப் என்று பெயர். நடித்தவர் வர முடியாவிட்டால் என்னைப் போன்ற ஒருவன் பேசுவான். பல படங்களில் எங்கள் பெயர் வராது.)

அந்தப் படத்தின் டப்பிங் சமயத்தில் அவர் எழுந்து நிற்கும் நிலையில் இல்லை. தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டு நான்கு நாளில் முழுப் படத்தையும் பேச வைத்தார். "வெளிய மூச்சு விடக் கூடாது" என்றார். நானும் விடவில்லை. அவர் தெளிந்து எழுந்தபோது தயாரிப்பாளர், "நாலு நாள் வந்து நீங்களே பேசிட்டுப் போனீங்க, ஞாபகம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வருடத்தில் அவருக்கு எதுதான் ஞாபகம் இருந்தது? நம்பிவிட்டார். 'குரலில் ஒரு பக்குவம் கூடியிருக்கிறது' என்று பத்திரிகைகள் எழுதின. தயாரிப்பாளர் இறந்துவிட்டார். ஒலிப்பதிவு செய்தவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்.

இன்னொரு சங்கதி. போதையில் நடித்ததால் அவருடைய உதடு வசனத்துக்கு ஒரு கணம் தாமதமாகத் திறக்கும். அந்த இடைவெளியை மறைக்க, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூடிய வாய்க்குள் 'ம்…' என்று ஒரு சத்தம் போட்டேன். சுவரில் விரிசலை மறைக்க நாள்காட்டி மாட்டுவதைப் போல ஒரு வேலை. அதுவே பெரிய பேர் வாங்கிவிட்டது. மிமிக்ரி செய்கிறவர்கள் இன்றைக்கும் அவரைச் செய்தால் முதலில் 'ம்…' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

4

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது. நடிகர்மேல் இல்லை, 'நான்' என்கிறவன்மேல். அன்றைக்குக் காலையிலேயே அவன் ஏன் உண்மையைச் சொல்லவில்லை?

முதலில் இப்படி எழுதினேன்: "அவருடைய மனம் உடைந்துவிடக் கூடாது என்ற இரக்கத்தினால் நான்

(பொய். அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை. இருபத்தாறு வருடத்தில் என் குரல் வேண்டும் என்று ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. யாருடையது என்று தெரியாமலே அதைக் கேட்டார். போதும் போதும் என்றாகும் வரை அந்தச் சுகத்தை அனுபவித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம், தினமும் காலை எட்டிலிருந்து பத்து வரை. சுவரெல்லாம் பழைய மெத்தை விரிப்பு தொங்கும் என் சின்ன அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய உட்கார்ந்திருப்போம். அவருடைய சொந்தக் குரல் மெல்லியது. கொஞ்சம் கரகரப்பு, வாக்கியத்தின் கடைசியில் தேய்ந்துபோகும். அதை மார்புக்குள் இறக்கு, அடிவயிற்றிலிருந்து தள்ளு என்று பாடாய்ப் படுத்தினேன். பேசிக் காட்டும்போது மட்டும் ஜாக்கிரதையாக வேறொரு குரலில் பேசினேன். பிடிபட்டுவிடக் கூடாதல்லவா?

"ம்… இது அதுதானா மாஸ்டர்? கிட்ட வந்துட்டேனா?"

"இன்னும் கொஞ்சம் சார்."

ஒவ்வொரு நாளும் 'இன்னும் கொஞ்சம்'தான். ஒருநாள் அவர் போன பிறகு மனைவி சொன்னாள்:

"அந்த மனுஷன் குடியிலேர்ந்தே வெளிய வந்துட்டாரு. நீங்க அவர உங்ககிட்டேர்ந்து வெளிய விடுங்க. சொல்லித் தொலைங்க."

"சொன்னா மறுபடியும் ஆரம்பிச்சுட்டார்னா?"

"அதுக்குப் பயந்துதான் சொல்லலையா?"

அவள் கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

5

இன்று காலை. ஸ்டூடியோவில் அவரும் நானும் மைக் அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர். இளம் வயதுப் பெண், தங்கமானவர், ஆனால் நேரம் தீர்ந்துவிட்டது. மீதியிருப்பது ஒரே லூப். குடியால் குடும்பத்தைத் தொலைத்த அப்பா, பல வருடம் கழித்து மகளின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து மகள் "யாரு?" என்கிறாள். அவர், "நான்தாம்மா. அப்பா" என்கிறார். படமே அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான்.

முப்பத்தோரு தடவை பேசினார். புதுப் படத்தில் அவருடைய உதடு தாமதிப்பதே இல்லை, நிதானத்தில் நடித்தது. 'ம்…' போட இடமில்லாத இடத்தில் அதைத் திணித்துத் திணித்து, ஒவ்வொரு தடவையும் உதடு முன்னால் போக, குரல் பின்னால் ஓடியது.

டைரக்டர் பொத்தானை அழுத்திப் பேசினார்:

"சார், அந்தப் பழைய குரல மனசுல வச்சுதான் இந்தக் கதையையே எழுதினேன். சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா, தப்பா நினைக்காதீங்க, குரல் ஒண்ணா இருக்கணும்ல, இந்தப் படம் முழுக்கவே வேற ஆள வச்சுப் பேசிக்கலாம்."

அவர் ஹெட்போனைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கை நடுங்கவில்லை. பதினோரு மாதமாக நடுங்கவில்லை.

"ம்… மாஸ்டர், நீங்க ஒரே ஒரு தடவ பேசிக் காட்டுங்களேன். என் பழைய குரல்ல. உங்களால முடியும்னு தோணுது."

அப்போதுதான் சாப்பிடப் போகிறேன் என்று ஓடி வந்தேன்.

6

சாத்தியமான முடிவுகள்:

ஒன்று. நான் பேசிக் காட்டுகிறேன். முதல் 'ம்…'மிலேயே அவருக்குப் புரிந்துவிடுகிறது. தன்னுடைய ஆகச் சிறந்த வேலையில் பாதி தன்னுடையது இல்லை என்று தெரிந்த மனிதர் நேராக எங்கே போவார்? எங்கே போகக் கூடாதோ அங்கே.

இரண்டு. தொண்டை கட்டிவிட்டது என்று மழுப்புகிறேன். சாயங்காலம் ஆகிறது. டைரக்டர் வேறு ஆளைத் தேடுகிறார். யாரைக் கூப்பிடுவார் என்று நினைக்கிறீர்கள்? (இந்த முடிவை எழுதும்போது என் கை கொஞ்சம் வேகமாக ஓடியது. கவனித்தேன்.)

மூன்று. "எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும் மாஸ்டர்" என்று சிரித்தபடி என் தோளில் கை போடுகிறார். சினிமாவில் பத்துப் பதினைந்து தடவை இப்படிப்பட்ட காட்சிகளுக்குப் பேசியிருக்கிறேன். குற்றம் செய்தவனுக்குச் சௌகரியமான முடிவு.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி எனக்கு நீட்டினார்.

"என்ன தம்பி, சாப்பிடாம எழுதிட்டு இருக்கீங்க?"

"சும்மாக்கா. கதை."

"அவன் உள்ள தலையில கை வச்சு உக்காந்திருக்கான். ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் பழைய குரல் வந்தே ஆகணுமா?"

"ஏங்கா?"

"எனக்கு அந்தப் படம் பாக்கவே பிடிக்காது. ஊரே கொண்டாடுச்சு. எனக்கு மட்டும் யாரோ பேசுற மாதிரி இருக்கும். குடி இவன் குரலையே மாத்திடுச்சேன்னு அழுதிருக்கேன். இப்பதான் வீட்ல இருக்கறப்ப சின்ன வயசுல பேசின மாதிரி பேசுறான். அதையும் நீங்கல்லாம் சேந்து மாத்திடுவீங்களோன்னு பயமா இருக்கு."

நான் வெந்நீரைக் குடித்தேன். வேறு என்ன செய்வது? ஊர் கொண்டாடிய குரலைக் கேட்டு ஒரு அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதிருக்கிறார். இது வரை என் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாக விமர்சனம் சொன்னதில்லை.

8

ஒரு திருத்தம். மேலே அவர் பேசிய வரிகளுக்கெல்லாம் முன்னால் ஒரு 'ம்…' இருக்கிறதல்லவா? அவர் அப்படிப் பேசவில்லை. சாதாரணமாக, நேரடியாக, மெல்லிய குரலில் பேசுகிறவர். நான் போட்டது அது, பழக்கதோஷம். கதையிலும் அவருக்கு டப்பிங் பேசியிருக்கிறேன். உங்கள் கையில் பென்சில் இருந்தால் அவற்றை எல்லாம் அடித்துவிட்டு இன்னொரு தடவை படியுங்கள். அதுதான் அவர்.

இடைவேளை முடிந்து விளக்கு எரிகிறது. உள்ளே போனதும் நான் சொல்லப்போவது இது:

"சார், அந்தப் படத்துல பேசினது நீங்க இல்ல, நான். நீங்க எதையும் தொலைக்கல. மூணு வாரம் உங்கள ஏமாத்திட்டேன்."

இது என் வரி, அதனால் எழுதிவிட்டேன். டைரக்டரிடமும் நானே சொல்வேன். நடிகர் இதற்கு என்ன பதில் சொல்வார், என்னை அடிப்பாரா, கதவைத் திறந்துகொண்டு போவாரா, அக்கா பின்னாலேயே ஓடுவாரா, எதுவும் எழுதப்போவதில்லை. எழுத வரும். அதுதான் பயம். ஒரு படம் முழுக்க அவருக்குப் பேசியது போதும்.

அவர் மைக் முன்னால் நிற்கிறாரோ இல்லையோ, லூப் தன்பாட்டுக்கு ஓடும். திரையில் மூடிய கதவு, தட்டும் கை. மகளாக நடித்த பெண் போன வாரமே பேசி முடித்துவிட்டாள். அவள் கேள்விக்கு அடுத்த வரியின் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்களுக்கு அது மனப்பாடமாகியிருக்கும். தயவுசெய்து நீங்களும் பேசிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் காத்திருங்கள்.

"யாரு?"

"…………………………"