கிணற்றுக் கயிறு

எங்கள் தையல் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய நாவல் ஒன்றைச் சத்தமாக வாசிப்பது என் பொறுப்பு. நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. அதில் ஒரு பண்ணைக் காரியஸ்தன். வேலைக்காரப் பெண்கள் அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று கிணற்றுக் கயிற்றையே அவிழ்த்து ஒளித்து வைத்துவிடுகிறான்.

"ஐயோ, இது நம்ம சூப்பர்வைசர்!" என்று துள்ளினாள் பட்டன் தைக்கும் அக்கா. எங்கள் கழிப்பறைச் சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும்.

அவ்வளவுதான், எல்லோருக்கும் குஷி பிடித்துவிட்டது. கதையில் கோள் சொல்லும் சமையல்காரி ஒருத்தி வருவாள்; அவள் இங்கே யார் என்று கேட்கவே வேண்டாம், எல்லார் கண்ணும் செக்கிங் மேசைக்காரி பக்கம் போனது. எதையும் கண்டுகொள்ளாத நல்ல எஜமான்? "நம்ம முதலாளியேதான்!" சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

"அது சரி, இதுல நாம எங்கடி இருக்கோம்?" என்றாள் அக்கா.

நான் தேடிப் பிடித்து வாசித்தேன்: "மற்றப் பெண்கள் ஒன்றும் பேசாமல் நின்றார்கள்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நூறு வருஷமா இந்த ஒத்த வரிதானா நாம?"

அக்கா டிபன் பாக்ஸை மூடினாள். ஹாலின் கோடியில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசரிடம் நேராகப் போய்க் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க சார். இனிமே அது செவுத்துல தொங்கட்டும்."

அவர் சாவியை எடுக்காமல் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

முப்பத்தெட்டு ஸ்டூல்கள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன.