மதகு வளைவு நிறுத்தம்

காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். பாயைச் சுருட்டி மூலையில் வைக்கிறேன். கைபம்பில் இரண்டு குடம் தண்ணீர் அடிக்கிறேன். பால் கால் லிட்டர் போதும். காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். ஏழு மணிக்குக் குளியல். சட்டைக்கு நானே இஸ்திரி போட்டுக்கொள்கிறேன். ஏழு ஐம்பதுக்குக் கதவைப் பூட்டி வெளியே வந்தால் எதிரே ஜி.எஸ்.டி. ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம், என் வாசலுக்கு நேராக, தாம்பரம் போகும் பஸ்ஸுக்கான நிறுத்தம். நான் நேராகக் கடப்பதில்லை. வலது பக்கம் திரும்பி ஐஸ் கம்பெனிவரை முந்நூறு மீட்டர் நடக்கிறேன். அங்கே கூட்டம் சேரும்வரை காத்திருந்து, கூட்டத்தோடு ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கமாகவே முந்நூறு மீட்டர் திரும்பி வந்து, என் வீட்டுக்கு எதிரில் பஸ் ஏறுகிறேன்.

ஆறு மாதமாக இப்படித்தான். ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பெண்டாட்டி செத்த இடம், அதனால் நேராகக் கடக்க மனம் வரவில்லை என்று நினைக்கிறார்கள்.

எங்கள் ஊர் கூடுவாஞ்சேரிக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ரெவின்யூ பதிவேட்டில் அதற்கு ஒரு பெயர் உண்டு. யாரும் சொல்வதில்லை. கண்டக்டர்கள் "ஐஸ் கம்பெனி எறங்கு" என்பார்கள், அதுவே பெயராகிவிட்டது. நாற்பத்து மூன்று வீடு, எல்லாம் ரோட்டுக்குக் கிழக்கே. ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை. எங்களைப் போன்றவர்கள் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர்கள். அப்பா நிலத்தை மனை போட்டு விற்றார். அந்தக் காசில் நான் பி.காம். படித்தேன். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் குடிசைகளில் இருப்பவர்கள் கோவளம் பக்கத்துக்காரர்கள். விடியற்காலையில் கடலோரத்திலிருந்து வேனில் மீன் வரும். பதினோரு பெண்கள் அதைப் பங்கு பிரித்து, ஐஸ் போட்டுக் கூடையில் அடுக்கி, தாம்பரம், பல்லாவரம் என்று தெருத்தெருவாக விற்கப் போவார்கள்.

ஊருக்கென்று ஒரே ஒரு வழக்கம் உண்டு. ரோட்டை யாரும் ஒற்றையாகக் கடப்பதில்லை. லாரிக்காரன் ஒரு ஆளுக்கு நிற்க மாட்டான், பத்துப் பேருக்கு நிற்பான். அதனால் ஐஸ் கம்பெனி வாசலில் பத்துப் பேர் சேரும்வரை காத்திருப்பார்கள். பிறகு மீன் விற்கும் பூவம்மாள் ஒரு கையால் தலைக்கூடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தி ரோட்டில் இறங்குவாள். "டேய், மாமியா வூட்டு விருந்துக்கா போற? நில்லுடா!" லாரி நிற்கும். அவள் பின்னால் நாங்கள் எல்லோரும் போவோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், காக்கிச் சட்டைகள், நான். அங்கே ரோடு நேராக இருக்கும். இரண்டு பக்கமும் அரை மைல் தெரியும். அப்போது பஸ்ஸும் அங்கேதான் நிற்கும், போர்டு எதுவும் கிடையாது. டிரைவர்கள் அங்கே நிறுத்திப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். பக்கத்து மேஜை துரை. எண்பத்தெட்டில் ஒரு நாள் நான் உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன மச்சான், கட்டுமரத்துல வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஊறும் தோலின் நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அவன் அதைச் சொன்னான். நானும் சிரித்தேன். அதன் பிறகு தினமும் பஸ்ஸில் கூடைகளிடமிருந்து விலகி நிற்கப் பார்த்தேன். சட்டையை முகர்ந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

அந்த வருஷம்தான் டீக்கடை கேசவன் என்னிடம் வந்தார். அவர்தான் ஊருக்குத் தலைவர் மாதிரி. புது டிரைவர்கள் நிறுத்தாமல் போய்விடுகிறார்கள், போர்டு வைத்து முறையாக ஒரு நிறுத்தம் வேண்டும், மனு எழுதிக் கொடு என்றார். ஊரைப் பற்றிய விவரமும் ஒரு வரைபடமும் சேர்க்க வேண்டும். ஐம்பத்தெட்டுப் பேர் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கைநாட்டு பாதி. எழுத வேண்டியதை நீ எழுதிக்கொள் என்றார்கள்.

நான் எழுதினேன். வீடுகள் நாற்பத்து மூன்று. அரசு ஊழியர் ஆறு. மாணவர் பதினான்கு. தனியார் வேலைக்குப் போவோர் இருபத்திரண்டு. மீன் விற்பவர்கள் என்று ஒரு வரி நான் எழுதவில்லை. வரைபடத்தில் நிறுத்தத்தை ஐஸ் கம்பெனி எதிரில் போடவில்லை. தெற்கே, ஏரி மதகு பக்கம், ரோடு வளையும் இடத்தில், என் வீட்டுக்கு எதிரில் போட்டேன். 'மர நிழலும் அகலமான ஓரமும் உள்ள இடம்' என்று காரணம் எழுதினேன். கூடையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வர மாட்டார்கள், அவர்களுக்கு எந்த டிரைவராவது பழைய இடத்தில் நிறுத்துவான், எனக்குத் தனி நிறுத்தம் கிடைத்துவிடும் என்பது கணக்கு.

காந்தாவிடம் அவளுக்காகத்தான் என்றேன். கல்யாணமாகி நான்கு மாதம். "வாசல்லயே பஸ் ஏறலாம்" என்றேன்.

"எனக்கு அங்கதான் புடிச்சிருக்கு. பேச ஆள் இருக்கு" என்றாள்.

எண்பத்தொன்பது ஜனவரியில் போர்டு வந்தது. அதன் பிறகு எந்த பஸ்ஸும் ஐஸ் கம்பெனியில் நிற்கவில்லை. நான் போட்ட கணக்கு தப்பிவிட்டது. பூவம்மாளும் மற்றவர்களும் பழைய இடத்தில் கூட்டமாகக் கடந்து, ஐஸ் தண்ணீர் சொட்டும் கூடையோடு முந்நூறு மீட்டர் நடந்து, என் நிறுத்தத்துக்கே வந்தார்கள். தென்முனை வீடுகளில் இருந்த நாங்கள் மட்டும் நேராக, ஒற்றையாகக் கடக்க ஆரம்பித்தோம்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காந்தா என்னோடு பல்லாவரம் சந்தைக்குக் கிளம்பினாள். நான் முதலில் கடந்தேன். பஸ் வந்து நின்றது. படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் சார்" என்று கண்டக்டரிடம் சொன்னேன். திரும்பி, "சீக்கிரம் வா!" என்று கத்தினேன். அவள் பஸ்ஸுக்கு முன்பக்கமாக ஓடி வந்தாள். வளைவிலிருந்து வந்த செங்கல் லாரி பஸ்ஸை ஓவர்டேக் செய்தது.

போலீஸ் ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். "பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல குறுக்கே ஓடிட்டா" என்றேன். ரைட்டர் அப்படியே எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாக்கியம் என்னைவிட வேகமாக ஊருக்கு வந்து சேர்ந்தது. ஒரு மாதத்தில் ஐஸ் கம்பெனி வாசலில் பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். "ஏய், காந்தா அக்கா மாதிரி ஓடாத." "அவசரப்பட்டா அவ்ளோதான், பாத்தல்ல?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் வருவது தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். சில நாள் தெரியாது.

கேசவன் மறுபடி மனு எழுதச் சொன்னார், நிறுத்தத்தைப் பழைய இடத்துக்கே மாற்றும்படி. எழுதினேன். முதல் மனுவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. டிசம்பரில் பதில் வந்தது. டீக்கடையில் வைத்துக் கேசவன் கவரைக் கையில் கொடுத்தார்.

"படி சம்பத்து."

நான் மனதுக்குள் படித்தேன். 'மேற்படி நிறுத்தம் ஊர் மக்கள் 58 பேர் கையொப்பமிட்டு, வரைபடத்தில் குறித்துக் கேட்டுக்கொண்ட இடத்திலேயே அமைக்கப்பட்டுள்ளது. தகுந்த காரணமின்றி மாற்ற இயலாது.'

"மாத்த முடியாதாம்" என்றேன்.

"ஏனாம்?"

"காரணம் போடலை."

ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் ஜெபராஜ் கிளாஸை வைத்தார். "நாம கம்பெனி எதிர்லதான கேட்டோம்? எந்த ஆபீசர் கொண்டுபோய் வளைவுல வெச்சான்?"

"எவன் வூட்டு மனைக்கு வெல ஏத்தவோ" என்றார் கேசவன். "பொண்ணு உசுரு போயிருக்கு. சும்மா வுடறதா? திங்கக்கெழம ரோட்ல ஒக்காருவோம். அந்த ஆபீசர் வந்து பதில் சொல்ற வரைக்கும் ஒரு பஸ் போவக் கூடாது."

பூவம்மாள் வாசலில் கூடையோடு நின்றிருந்தாள். "மொத ஆளா நான் ஒக்கார்றேன். போலீசு அடிச்சா அடிக்கட்டும். தம்பி பொண்டாட்டிக்குக் கூட ஒக்காரலன்னா நாங்க இன்னா மனுஷாளு?"

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன். எதுவும் சொல்லாமல் இருந்தால் திங்கட்கிழமை பதினோரு பெண்கள் எனக்காக அடி வாங்குவார்கள். அப்போதும் நிறுத்தம் மாறாது. என் மனு அங்கே ஃபைலில் இருக்கிறது. சொல்லிவிட்டால் இந்த ஊரில் நான் இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

திங்கள் காலை சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஏழு ஐம்பதுக்குக் கதவைப் பூட்டினேன். ஐஸ் கம்பெனி வாசலில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு போலீஸ் வேன் நின்றது. பூவம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் புடவையை இடுப்பில் செருகினாள். வழக்கம்போல் கையை உயர்த்தி ரோட்டில் ஒரு கால் வைத்தாள்.

"அக்கா" என்றேன். "எறங்காதீங்க."

"இன்னா தம்பி?"

"எந்த ஆபீசரும் மாத்தலை. நான்தான் அங்க போட்டேன்."

பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். இந்த முறை முழுவதும் சத்தமாகப் படித்தேன். வரைபடம் நான் போட்டது, கையெழுத்து அவர்களுடையது என்றேன்.

கேசவன் முதலில் புரியாதவர்போல் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பிடித்தார். "படிச்சவன்னு நம்பித்தானடா வெத்துத் தாள்ல கைநாட்டு வெச்சோம்? இன்னாத்துக்குடா செஞ்ச?"

"ஆபீஸ்ல கிண்டல் பண்ணாங்க" என்றேன். "சட்டைல மீன் வாசனை வருதுன்னு."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கேசவன் கையை எடுத்துவிட்டார். அடித்திருக்கலாம்.

பூவம்மாள் ரோட்டிலிருந்து காலை எடுத்து மேலே வந்தாள். தன் முந்தானையை ஒரு முறை பார்த்தாள்.

"இதானா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா காத்தடிக்கற பக்கமாப் பாத்து நாங்க தள்ளி நின்னிருப்போமே தம்பி. இத்தினி வருசமா நிக்கலயா? கல்யாணக்காரங்க, கோயிலுக்குப் போறவங்க எல்லாரும் சொல்லத்தான் செய்றாங்க. எங்களுக்கு இன்னா புதுசா?"

அவள் திட்டியிருந்தால் நின்றிருப்பேன். இதற்கு நிற்க முடியவில்லை. கம்பெனி வாசல் மேடையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க பதினோரு பேரையும் ஊர்க்கணக்குல எழுதுனியா?" என்று பின்னாலிருந்து பச்சையம்மா கேட்டாள். இவளும் கூடைக்காரிதான்.

"இல்ல."

"தெரியும்" என்றாள்.

ஜெபராஜ் போய் போலீஸ்காரர்களிடம் ஏதோ சொன்னார். வேன் கிளம்பிப் போனது. கூட்டத்தில் பாதி கலைந்தது. அன்றைக்கு மீன் விற்கப் போக நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனால் கூடைகள் நகரவில்லை. உமி ஒட்டிய ஒரு பெட்டியை இழுத்து என் முன்னால் போட்டாள் பூவம்மாள்.

"எழுது. திரும்ப எழுது. வூட்ல வெச்சி இல்ல, இங்கியே. ஒவ்வொரு வரியும் எழுதிட்டு சத்தமாப் படி. படிச்சப்புறம்தான் நாங்க கை வெப்போம்."

எழுதினேன். வீடுகள் நாற்பத்து மூன்று. மீன் விற்கும் பெண்கள் பதினொன்று. "பேர் போடு" என்றாள் பச்சையம்மா. பதினோரு பெயரும் எழுதிப் படித்தேன். எங்கே கூடுவோம், எப்படிக் கடப்போம், எவ்வளவு தூரம் தெரியும், எல்லாம் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். முந்தைய வரைபடம் ஊரைக் கேட்காமல் நான் போட்டது என்று எழுதிப் படித்தேன். கேசவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையசைத்தார்.

பிறகு விபத்துக்கு வந்தேன். 'காந்தா, வயது 23' என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது.

"எழுதேன்" என்றாள் பூவம்மாள். "பஸ்ஸப் புடிக்க அவசரமா ஓடிச்சி. அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"இல்லக்கா."

"இன்னா இல்ல?"

"அவ அவசரப்படல. அவளுக்குத் தனியாக் கடக்கவே இஷ்டமில்ல. நான்தான் அந்தப் பக்கம் போய் நின்னு கூப்பிட்டேன். போலீஸ்ல மாத்திச் சொல்லிட்டேன்."

பூவம்மாள் என் எதிரில் குந்தினாள். பக்கத்தில் இருந்த கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளிடம் ஆறு மாதமாக அவள் சொன்னது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"அப்ப அந்தப் பொண்ணு இன்னாதான் சொல்லிச்சி?"

இதுவரை யாரிடமும் அதை நான் சொன்னதில்லை. காந்தா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கையில் சந்தைப் பை. வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. நான் ரோட்டில் இறங்கிவிட்டேன். அவள் ஐஸ் கம்பெனிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதன் பிறகு நான் கூப்பிட்டபோது அவள் பதில் பேசவில்லை, வந்தாள்.

அதை அப்படியே எழுதினேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லைங்க. நீங்க போங்க, நான் பூவம்மாக்கா கூட அடுத்த பஸ்ஸுல வரேன்."