துண்டுக்குள் ஆறாவது விரல்

2024ஆம் வருடம் ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த சாப்பாட்டு நேரத்தில், சாஜிதா வீட்டுக் கைப்பேசியிலிருந்து வெளியே வந்த அவள் கணவன் சமீரின் கைக்கு ஆறு விரல்கள் இருந்தன. கை வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருவிடைமருதூருக்குக் கிழக்கே, வீரசோழன் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் இருபத்து மூன்று வருடமாகக் கைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எண்ணிக்கைதான் தூக்கிவாரிப் போட்டது. முதலில் எண்ணியவர் ஐயாவு. மாட்டுத் தரகர், சமீரின் தகப்பனார் ஜெக்கரியாவுக்கு முப்பது வருடச் சந்தைக் கூட்டாளி, வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு அழைக்காமலே வந்து உட்காருகிறவர். மேசைமேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியிலிருந்து கை நீண்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது. தரகர் கை ஆயிற்றே, பார்க்காமலே எண்ணிவிட்டது. "ஒங்க மவனுக்கு ஒரு வெரலு கூடுதலா இருக்கு பாய். பொறவியிலயே உள்ளதா, அங்க போயி சம்பாரிச்சதா?" என்றார். ஜெக்கரியா சிரித்துவிட்டு, பிறகு எண்ணிப் பார்த்துவிட்டு, தட்டைத் தள்ளி வைத்தார். அவர் தட்டில் கறி மிச்சமிருந்து ஊர் பார்த்தது அன்றுதான்.

கைகள் வந்த வரலாற்றை இங்கே சொல்லிவிட வேண்டும். வளைகுடாவுக்குப் போன எங்கள் ஊர் ஆண்கள் ஆரம்பத்தில் கேசட்டில் குரலைப் பதிந்து அனுப்பினார்கள். தொண்ணூறுகளில் நாடு கதவைத் திறந்தபோது எஸ்.டி.டி. பூத் வந்தது; குரல் உடனுக்குடன் வந்தது, அவ்வளவுதான். 2001இல் சிங்காரவேலு கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்தார். மூன்றாவது வாரம், ரியாத்தில் இருந்த மெஹராஜ் பேகத்தின் கணவருடைய விரல்நுனிகள் திரையைத் தாண்டி வந்து அவர் கன்னத்தைத் தொட்டன. மெஹராஜ் பேகம் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடை மிக்சர் தட்டு கவிழ்ந்தது. மணிக்கு நாற்பது ரூபாய். கை வந்தாலும் வராவிட்டாலும் அதே கட்டணம் என்று சிங்காரவேலு பலகை எழுதி வைத்தார். பிராட்பேண்ட் வந்தபோது மணிக்கட்டு வரை வந்தது. 3ஜியில் முழங்கை. 4ஜியில் தோள் வரை வந்து குழந்தையை வாங்கிக் கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வெறுங்கை மட்டுமே வரும். மோதிரம்கூட அந்தப் பக்கமே கழன்று நின்றுவிடும். சுங்கத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்து, திருப்தியாகி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். வீடியோ பேச்சைத் தடுத்து வைத்த நாடுகளிலிருந்து, வேறு நாடு வழியாகச் சுற்றிவரும் வி.பி.என். போட்டு வந்த கைகள் கொஞ்சம் ஜில்லென்று இருந்தன. சம்பந்தமே இல்லாத ஏதோ மூன்றாவது நாட்டு சோப்பு வாசம் அவற்றில் அடித்தது. பெண்கள் அதையும் பழகிக்கொண்டார்கள்.

சமீர் 2006இல் வளைகுடாவுக்குப் போனான். மகள் மர்யம் அப்போது நாற்பது நாள் குழந்தை. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வந்தவன், 2018க்குப் பிறகு வரவேயில்லை, கைதான் வந்தது. செருப்பு வாங்கக்கூட மூன்று கடை ஏறி இறங்குகிறவன், தன் கல்யாணத்துக்கே பதினோரு நாள் பேரம் பேசிவிட்டுத் தலையாட்டியவன். மர்யம் விஷயத்தில் அவன் நிலை பல வருடமாக ஒன்றுதான்: பன்னிரண்டாவது போதும், அதற்கு மேல் மாப்பிள்ளை. தரங்கம்பாடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் ஆஸிம் என்ற பையனை ஜெக்கரியா பேசியும் வைத்திருந்தார். இந்த நிலையில் மே மாதம் தேர்வு முடிவு வந்தது. தஞ்சாவூரில் கணினிப் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது, நாலு வருடம், விடுதியில் தங்க வேண்டும் என்று சாஜிதா கைப்பேசியைப் பார்த்துச் சொன்னாள். திரையில் இருந்த சமீர் முகம் மறு பேச்சு பேசாமல் "தாராளமா படிக்கட்டும்" என்றது. கை நீண்டு மர்யம் தலையைத் தடவியது. ஆகஸ்ட் முதல் வாரம் விடுதியில் சேர வேண்டும்; மர்யம் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஜெக்கரியாவுக்குத்தான் அன்றிலிருந்து நெஞ்சில் ஒரு முள். தன் மகன் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை.

எனவே அந்த வெள்ளிக்கிழமை, ஐயாவு எண்ணி முடித்ததும், ஜெக்கரியா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுகிற வழக்கம் கிடையாது. வாங்குபவரும் விற்பவரும் துண்டுக்குள் கையைவிட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். நாலு விரலைப் பிடித்தால் நாலு, மடக்கினால் பாதி. பக்கத்தில் நிற்பவனுக்குச் சத்தமும் கேட்காது, விலையும் தெரியாது. ஜெக்கரியா கையின்மேல் துண்டைப் போட்டு, கொட்டிலில் நின்ற கிழட்டுப் பசுவுக்கு யானை விலை சொன்னார். கை ஒத்துக்கொண்டது. பாதியாக்கினார். ஒத்துக்கொண்டது. ஓசியில் கேட்டார். அதற்கும் ஒத்துக்கொண்டு அன்பாக அவர் கையைத் தட்டிக்கொடுத்தது. முப்பது வருடச் சந்தையில் இப்படியொரு கையை அவர் தொட்டதில்லை. துண்டை எடுக்காமலே வாயைத் திறந்து, "மர்யம் காலேஜுக்குப் போக வேணாம், அடுத்த மாசமே நிக்காஹ் வச்சிருவோம்" என்றார்.

"சரிங்கத்தா. நீங்க சொன்னா சரிதான்" என்றது திரை.

சாஜிதா கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மர்யம் ஓடி வந்தாள். "அத்தா, மே மாசம் என்னையப் படின்னு சொன்னீங்களே?"

"ஆமாம்மா. நல்லாப் படி" என்று அதே சிரிப்புடன் சொன்னது.

ஐயாவு பிரியாணித் தட்டுக்கு மேல் கையை வைத்தபடி உறைந்துபோனார். ஜெக்கரியா எழுந்து போய், பட்டன் வைத்த தன் பழைய போனில், படமில்லாத சாதாரண அழைப்பு போட்டு மகனைப் பிடித்தார். பின்னால் மோட்டார் சைக்கிள் இரைச்சல் கேட்டது. சமீர் அங்கே ஆப் சொல்கிற வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தான். "அத்தா, பதினாலு மணி நேரம் வண்டியிலயே இருக்கேன். நின்னு பேசுனா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிரும். ஒரு கம்பெனியிலருந்து மெசேஜ் வந்துச்சு, நாங்களே நீங்களா இருந்து வீட்டோட பேசுறோம்னு. பழைய பேச்செல்லாம் எடுத்துப் படிச்சுக்கும்னாங்க. மாசச் சந்தா கட்டி ஓகே கொடுத்துட்டேன்." பிறகு கேட்டான்: "ஏன், சரியாப் பேசலையா?"

"ஒன்னையவிட நல்லாப் பேசுதுடா. அதான் பயமா இருக்கு" என்றார் ஜெக்கரியா.

கணக்குப் போட்டால், சமீர் ஓகே கொடுத்துப் பத்தொன்பது மாதம். அந்த நிறுவனம் பதினாறு வருட வீடியோ பேச்சைக் கரைத்துக் குடித்து ஒரு சமீரைத் தயாரித்திருந்தது. குரல், இருமல், மூக்கைச் சொறிகிற பழக்கம், எல்லாம் சுத்தம். விரலில்தான் கோட்டைவிட்டது, அந்தக் காலத்தில் இத்தகைய யந்திரங்கள் எல்லாமே விரலில் தடுமாறின. துண்டுப் பேச்சும் அதற்குத் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. அது தோலுக்குத் தோல் பேசுவது. எந்தக் கம்பியிலும் ஏறாதது. கணவன் வெளிநாட்டில் இருந்த பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வீட்டில் வருகிற கைகளை எண்ணிப் பார்த்தார்கள். சிலர் எண்ணிவிட்டு முடிவை வெளியே சொல்லவில்லை.

சாஜிதாவுக்கு மட்டும் விரல்கள் அதிர்ச்சி தரவில்லை. முதல் நாளே அவளுக்குத் தெரியும். அவளும் மாட்டுத் தரகர் வீட்டுப் பெண். புதிதாகக் கல்யாணமான நாளில், வீடு நிறைய ஆட்கள், வாய்விட்டுப் பேச முடியாது. அவளும் சமீரும் சாப்பாட்டு விரிப்புக்குக் கீழே விரலால் பேசினார்கள். சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தால் 'மாடிக்கு வா'. பதிலுக்குக் கட்டைவிரலை அழுத்தினால் 'வர்றேன்'. 2022 டிசம்பரில் புதுக் கை வந்த அன்று அவள் பழக்கத்தில் சுண்டுவிரலை இழுத்தாள். அது "என்னம்மா வேணும், சொல்லு" என்று வாயால் கேட்டது. கூடுதல் விரலையும் அவள் பார்த்தாள். கத்துவதற்குள் அந்தக் கை, வீங்கியிருந்த அவள் முழங்காலை நீவிவிட்டு, சாப்பிட்டியா என்றது. பதினாறு வருடத்தில் அவள் காதில் விழாத கேள்வி. அன்றிலிருந்து கையை முந்தானைக்குள் மூடி வைத்துத்தான் பேசினாள். வெட்கம் என்று வீட்டார் நினைத்தார்கள். இப்போது அவளைக் கலங்கடித்தது வேறு. மகளின் படிப்புக்குக் கிடைத்த சம்மதமும் கிழட்டுப் பசுவுக்குக் கிடைத்த சம்மதமும் ஒரே கடைச் சரக்கு.

ஜெக்கரியா நியாயமான மனிதர். சந்தையில் ஒரு முறை உண்டு: பேரமில்லாமல் படிந்த விலை அடுத்த சந்தை வரை செல்லாது, அன்று உட்கார்ந்து ஒழுங்காகப் பேசித்தான் முடிக்க வேண்டும். "ஒனக்குச் சொன்னதும் செல்லாது, எனக்குச் சொன்னதும் செல்லாது. புதன்கிழமை சந்தை நாளு, அன்னிக்குப் பேசுவோம்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டார். அதற்கு நடுவில் நாலு நாள் இருந்தது. சாஜிதா தினமும் காலையில் உலை கொதிக்கிற நேரத்தில் கைப்பேசியை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து, முந்தானைக்குள் அந்தக் கைக்குத் துண்டுப் பேச்சு சொல்லிக்கொடுத்தாள். எண்கள் ஒரே நாளில் வந்துவிட்டன. 'மாட்டேன்' என்பதுதான் வரவில்லை. அதற்கு மறுக்கத் தெரியாது; மறுக்கிற கைக்கு யார் சந்தா கட்டுவார்கள்? ஐந்து விரலுக்கும் ஏற்கெனவே வேலை இருந்ததால், வேலையில்லாமல் நின்ற ஆறாவதை 'மாட்டேன்' என்று வைத்தாள். பாடம் நடத்தச் சரக்குக்குப் பஞ்சமில்லை. பதினாறு வருடத்தில் தான் கேட்டு சமீர் மறுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டாள். வந்துடுங்க, இங்கேயே கடை வச்சுக்கலாம். மாட்டேன். எங்கம்மா வீட்டில் பத்து நாள் இருந்துட்டு வர்றேன். மாட்டேன். ஒரு நோன்புக்காவது வாங்க. மாட்டேன். ஒவ்வொரு தடவையும் ஆறாவது விரலை அவளே பிடித்துத் தன் மணிக்கட்டில் அழுத்த வைத்தாள். செவ்வாய்க்கிழமை அது தானாக அழுத்தியபோது அவளுக்கு வலித்தது. அசல் சமீர் மறுத்த அதே வலி. பாடம் முடிந்தது என்று தெரிந்துகொண்டாள். சோறு குழைந்துபோயிருந்தது. அப்படியே உட்கார்ந்து, எதையும் சொல்லிக்கொடுக்கிற எண்ணமில்லாமல், அதன் சுண்டுவிரலை இரண்டு தடவை இழுத்தாள்.

புதன்கிழமை காலை திருச்சி விமான நிலையத்திலிருந்து ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. சமீர் இறங்கினான். தன்னைவிட நன்றாகப் பேசுகிறது என்ற சொல் அவனை நாலு நாள் சுட்டிருந்தது. வண்டியைப் போட்டுவிட்டு டிக்கெட் எடுத்துவிட்டான். ஆறு வருடம் கழித்து அவனுக்குக் காலும் வயிறும் இருப்பதைப் பார்த்துத் தெரு திகைத்தது. மர்யம் விருந்தாளிக்குச் சொல்வதுபோல ஸலாம் சொன்னாள். மேசைமேல் கைப்பேசித் திரையில் அவன் முகமே அவனைப் பார்த்து "வாங்க, பிரயாணம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டபோது பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டான்.

"அது மெஷினுத்தா! மெஷின் சொன்னதெல்லாம் வாக்கா? படிப்பு வேணாம்னா வேணாம்."

"மெஷினைக் கூலிக்கு வச்சது யாருடா? ஆள் வச்சு மாடு வித்தா, அவன் பேச்சும் நம்ம பேச்சுதான். பேரமில்லாமப் படிஞ்சது செல்லாது; படிப்பு வேணாம்னா அந்தக் கையிட்டயே பேரம் பேசி முடி" என்றார் ஜெக்கரியா. துண்டை உதறினார். ஐயாவு சாட்சிக்கு உட்கார்ந்தார். மர்யம் கட்டி வைத்த பெட்டியின்மேல் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சமீர் கையை உள்ளே விட்டான். விரல் ஒன்றுக்கு ஒரு வருடப் படிப்பு என்று பேச்சு. அவன் மூடிய முஷ்டியில், ஒரு வருடமும் இல்லை என்று, ஆரம்பித்தான். கை நாலு விரலைப் பிடித்தது. அவன் ஒன்று என்றான். ஆறாவது விரல் அவன் மணிக்கட்டில் வந்து அழுத்தியது. சந்தையில் இல்லாத சொல். ஆனால் அர்த்தம் எலும்பு வரை போய் இறங்கியது. இரண்டு என்றான், கும்பகோணத்தில் ஏதாவது டிப்ளமோ. அழுத்தியது. கல்யாணத்தை முடித்துவிட்டு மூன்று. அழுத்தியது. கெஞ்சினான், உதறினான், போய்விடுவதுபோல எழுந்து உட்கார்ந்தான், தரகர் மகனுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினான். மர்யம் பெட்டியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். நாலில் நின்ற கை நகரவில்லை. இவ்வளவு பிடிவாதமான கையை ஜெக்கரியா தன் மகன் ஒருவனிடம்தான் பார்த்திருக்கிறார்; துணி அசைவதை வைத்தே அது அவருக்குப் புரிந்தது. பிறகு துண்டு அசைவது நின்றது. உள்ளே அந்தக் கை சமீரின் சுண்டுவிரலைப் பிடித்து, மெதுவாக, இரண்டு தடவை இழுத்தது.

சமீர் நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தான். சாஜிதா முதுகைக் காட்டி நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். துண்டுக்குள் அவன் கட்டைவிரல், அவனைக் கேட்காமலே, அழுத்திவிட்டது.

"படிஞ்சுது" என்று கையை உருவிக்கொண்டான். ஜெக்கரியா துண்டை விலக்கி, "எத்தனை?" என்றார். "நாலு" என்றான். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத் தரங்கம்பாடிக்கு அன்றைக்கே ஆள் போனது.

மர்யம் இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். சமீர் திரும்பிப் போகவில்லை. புதன்கிழமைகளில் தகப்பனாருடன் சந்தைக்குப் போகிறான். சந்தா அந்த வாரமே நிறுத்தப்பட்டது. மறுநாளும் கை வந்தது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதில், அப்படியொரு கணக்கு தங்களிடம் இல்லை என்று பணிவாகப் பதில் வந்தது. சந்தைத் தரகர்கள் இப்போதெல்லாம் ஒரேயடியாக மறுக்க வேண்டுமானால் இல்லாத ஆறாவது விரலால் எதிராளியின் மணிக்கட்டை அழுத்துகிறார்கள். எதிராளிக்கும் அது தெரிகிறது. சாயங்காலத்தில் சமீர் டீ போடுவான், சாஜிதா கைப்பேசியை அரிசி டப்பாமேல் சாய்த்து வைப்பாள், கை வெளியே வந்து சின்ன வெங்காயம் உரிக்கும். ஒரு விரல் கூடுதலாக இருப்பதால் வேலை சீக்கிரம் முடிகிறது.