சாமிக்கண்ணு எந்த நிறம்

"பல்லு மட்டுந்தான் தெரியுது. ஆளு எங்கய்யா?" என்று அன்புமணி போட்ட சத்தத்தில், மாடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் கத்தியோடு படியிறங்கி வந்துவிட்டேன். பாதிப் படியில்தான் கையில் கத்தி இருப்பது உறைத்தது. முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

"சத்தம் போடாதீங்க. பச்சை ஷாமியானாவுக்குக் கீழ எடுத்த படம் அது. கலர்ல அடிச்சா மூஞ்சி பாசி புடிச்ச மாதிரி வருது. அதான் கறுப்பு வெள்ளையில அடிச்சேன்," என்றார் நெடுமாறன். "உங்க அண்ணன் நெறத்துக்கு நான் என்னாங்க பண்றது?"

"எங்க அண்ணன் நெறத்தப் பத்தி நீ பேசாத. இந்த ஊருல எவன்யா வெள்ளையா இருக்கான்? நீ இருக்கியா?"

நெடுமாறன் எங்கள் வீட்டுக் கீழ்க்கடையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். வயது நாற்பதைத் தொடுகிறது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு மந்தாரக்குப்பத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள்; என்னிடம் மட்டும் மூன்று உண்டு. சத்தம் போட்ட அன்புமணி, மூன்றாவது வீட்டுச் சாமிக்கண்ணுவின் தம்பி. சாமிக்கண்ணுவுக்கு நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. ஐந்து நாளுக்கு முன்னால் நைட் ஷிப்ட் முடித்து வந்து, இட்லி சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். இருந்த ஒரே நல்ல படம், தைப்பூசத்தன்று வடலூர் அன்னதானப் பந்தலில் நெடுமாறன் எடுத்தது.

இவ்வளவு கூச்சலுக்கும் நடுவில் சாமிக்கண்ணுவின் மனைவி செவ்வந்தி கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காரியம் முடிவதற்குள் வாசல் தாண்டிவிட்டாளே என்று தெரு பேசியது. முதலில் பேசியது நான்தான் என்பதால் தெருவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவள் அழவில்லை. ஐந்து நாளாகவே அழவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். நல்ல அழுத்தக்காரி என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

"இடது கண்ணுக்குக் கீழ வடு இருக்கும்," என்றாள் இப்போது. "அது தெரியணும்ங்க அண்ணே."

"வடுவ எதுக்கு அண்ணி காட்டணும்? எல்லாரும் மறைக்கச் சொல்லுவாங்க," என்றான் அன்புமணி. "கொஞ்சம் வெளுப்பாக்கி, தலையச் சுத்தி வெளிச்சம் போட்டுக் குடுங்க. அது போதும்."

"கறுப்பாத்தான் இருப்பாரு. வடுவும் இருக்கும்." பஸ் நேரம் சொல்வது போலச் சொல்லிவிட்டு மறுபடி தரையைப் பார்த்தாள்.

நெடுமாறன் தலையைச் சொறிந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுத்தார். தப்பு படத்தில் இல்லையாம், பிரிண்டரில். சாம்பல் நிறத்தைக்கூட அது கறுப்பு மையால் மட்டும் அடிப்பதில்லை, நீலத்தையும் சிவப்பையும் மஞ்சளையும் கலந்துதான் அடிக்கிறதாம். அவர் புதிதாக வாங்கிய தாளில் எவ்வளவு மை விட்டால் எவ்வளவு கறுக்கும் என்று அதற்குத் தெரியாததால், கறுப்பான இடத்தையெல்லாம் ஒரே சேறாக அப்பிவிடுகிறதாம். அதற்குப் ப்ரொஃபைல் போட வேண்டுமாம். அதாவது வெள்ளையில் ஆரம்பித்து முழுக் கறுப்பு வரை ஐம்பத்தோரு கட்டம் அடித்து, நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு கருவியால் அளந்து கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அந்தத் தாளுக்கென்று அது ஒரு ஃபைல் செய்யும். அதற்கப்புறம் பிரிண்டர் அதைப் பார்த்து மையை நிதானமாக விடும்.

"உங்க அண்ணனுக்காக மெஷினுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கணும்ங்கிறாரு," என்று அன்புமணிக்கு நான் சுருக்கிச் சொன்னேன். அவன் என்னை முறைத்தான்.

மறுநாள் கட்டம் அடித்த தாள்கள் எங்கள் மொட்டைமாடிக்கு வந்தன. கடைக்குள் ஓதம் என்று, என் துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரின் பனியனுக்கும் தலையணை உறைக்கும் நடுவில், வெள்ளை, அழுக்கு வெள்ளை, சாம்பல், அடுப்புக்கரி என்று வரிசையாக ஒரு நாள் முழுக்க ஆடின. அடுத்த நாள் கடையை அரைக் கதவு சாத்திக்கொண்டு அளந்தார். நான் இரண்டு முறை டீ கொண்டுபோய்ப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. தாள்மேல் கருவியை வைப்பார், எடுப்பார், அவ்வளவுதான்.

பத்தாம் நாள் படம் வந்தது. சாமிக்கண்ணு சிவப்பாக இருந்தார். சும்மா சிவப்பில்லை, கன்னத்தில் லேசாக நீலம் ஓடியது. காண்ட்ராக்ட் தொழிலாளி கோயில் காலண்டரில் வந்து நிற்பது போல. கண்ணுக்குக் கீழே வடுவும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவருடைய அம்மா அம்சவல்லிக்குத் தாங்கவில்லை. "எம்புள்ள பொறந்தப்ப இப்பிடித்தான் இருந்தான். மைன்ஸுக்குப் போயித்தான் கறுத்தான்," என்று படத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அன்புமணி அப்போதே ஃப்ரேம் எடுக்கச் சொன்னான்.

"இது யாரு?" என்றாள் செவ்வந்தி.

"ஏண்டி, உன் புருஷந்தான். நல்லா பாரு," என்றாள் மாமியார்.

அவள் பார்க்கவில்லை. மாமியாரும் கொழுந்தனும் படத்தோடு கிளம்பிய பிறகும் ஸ்டூலிலேயே இருந்தாள். போகச் சொல்லவும் முடியாமல் உட்காரச் சொல்லவும் முடியாமல் நெடுமாறன் மேசையைத் துடைத்தார். நான் பக்கத்தில் போனேன். துக்கம் கேட்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கண்ண மூடினா மொகம் வர மாட்டேங்குதுக்கா," என்றாள். "மொத நாள்லேர்ந்தே. சட்டை வருது, செருப்பு வருது. மொகம் வரல. படம் வந்தா பாத்துக்கலாம்னு இருந்தேன்."

இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன்.

பேசிக்கொண்டே அவள் மேசையில் கிடந்த கட்டத் தாளின் வெள்ளை ஓரத்தில் விரலை இழுத்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம் அது. தட்டு வைக்கும் முன், பாய் விரிக்கும் முன், விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்போம். அவள் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தாள். பழுப்பு.

"இதுல தூசு இருக்குதுங்க அண்ணே."

நெடுமாறன் தாளை வாங்கிப் பார்த்தார். விரல் போன இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளைக் கோடு. மைன்ஸ் பக்கமிருந்து காற்றில் வரும் நிலக்கரித் தூசு ஒரு நாள் முழுக்க அதன்மேல் இறங்கியிருக்கிறது. மாட்டியவர் அவர், எடுத்துக் கொடுத்தது நான், அளந்தது மறுபடி அவர். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எங்கள் ஊரில் வெள்ளை என்றாலே அந்த நிறம்தான். பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து சுண்ணாம்படித்த சுவர் வரைக்கும் அதுதான். கருவி மட்டும் வெளியூர். தாள் பழுப்பேறியிருக்கிறது, கட்டமெல்லாம் அளவுக்கு மீறிக் கறுத்திருக்கிறது என்று உள்ளதைச் சொல்லிவிட்டது. அதை நம்பிப் பிரிண்டர் பழுப்புக்கு மாற்றாக நீலத்தைச் சேர்த்து, கறுப்பு மையைக் குறைத்து, சாமிக்கண்ணுவைக் கடவுளாக்கிவிட்டது.

"மறுபடி போடறேங்க," என்றார் நெடுமாறன். அவர் முகம்தான் இப்போது சேறு.

இந்தத் தடவை தாள்கள் என் பீரோவுக்குள் காய்ந்தன. என் கல்யாணப் பட்டின்மேல், கதவைச் சாத்தி, சாவி என்னிடம். இரண்டு நாள் ஒரு நல்ல புடவை எடுக்க வழியில்லை. அளக்கும்போதும் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க வேர்க்க அளந்தார்.

பதினாலாம் நாள் அடித்தார். ஒரு கறுப்பு இல்லை, பத்துப் பன்னிரண்டு கறுப்பு இருந்தது. நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, கழுத்து மடிப்பில் ஒன்று. இடது கண்ணுக்குக் கீழே நெல் அளவுக்கு வடு. சாமிக்கண்ணு தெருமுனையில் நின்று பீடி பற்றவைப்பது போலவே இருந்தார். செவ்வந்தி அழுவாள் என்று சொம்பில் தண்ணீரோடு நின்றேன்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "காது கொஞ்சம் மடங்கியிருக்கும். அதுவும் வந்திருக்கு," என்றாள். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். தண்ணீரை நான்தான் குடித்தேன்.

காரியத்தன்று முன்கூடத்தில் மாலை போட்டது நீலச் சாமிக்கண்ணுவுக்குத்தான். அம்சவல்லி பிடிவாதம். செவ்வந்தி, அவர்கள் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், சொன்னபோது விழுந்து கும்பிட்டாள். அவளுடைய படம் உள்ளே டிரங்குப் பெட்டியில், துணிக்கு மேலே இருந்தது. பார்த்தேன். பெட்டி திறந்திருந்தது, நானாகத் திறக்கவில்லை.

ஆவணியில் அன்புமணிக்கு நெல்லிக்குப்பத்தில் பெண் எடுத்தார்கள். பத்திரிகையின் தலைப்பில் அந்த நீலப் படம். "உங்க அண்ணன் இவ்ளோ செவப்பா?" என்று புதுப்பெண் மலர்கொடி புருஷனை மேலும் கீழும் பார்த்ததாகச் சொன்னார்கள். செவ்வந்திக்கும் நெடுமாறனுக்கும் முடிச்சுப் போட்டு எங்கள் தெரு ஆறு மாதம் பேசியது. அவள் அவரை வாய்க்கு வாய் அண்ணே என்று கூப்பிட்டதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. நெடுமாறன் வடலூர் டீச்சர் சத்யப்பிரியாவைக் கட்டிக்கொண்டார். என் மூன்று காரணமும் வீணாகப் போயிற்று. செவ்வந்தி தை மாதம் விருத்தாசலத்தில் ஒரு ஹாஸ்டல் சமையலுக்குச் சேர்ந்து, அங்கேயே ஒற்றை அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது டிரங்குப் பெட்டி மட்டும்தான். பஸ் ஏறும் வரைக்கும் அழவில்லை; நான் கூடவே போய் நின்றுதான் சொல்கிறேன்.